புரூட்டஸ் ஏன் தன் முகத்தைப் பொறித்தார்?

ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு விளக்கம் வந்து நிற்கும்: "அதெல்லாம் அந்தக் காலத்துச் சுவரொட்டி." பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில், பேரரசர் தன் முகத்தையும் வெற்றியையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காசைத்தான் நம்பினார் என்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு நாணயக் கண்காட்சியில் பேச வந்தவரும் இதைத்தான் படங்கள் காட்டி அழகாக விளக்கினார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், வெள்ளி வியாபாரத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க தம்பி, காசு வாங்கறவன் படத்தையா பார்ப்பான்? எடையைப் பார்ப்பான், வெள்ளி சுத்தமான்னு பார்ப்பான். அவ்வளவுதானுங்க."

இரண்டு பேச்சும் அன்றிலிருந்து எனக்குள் மோதிக்கொண்டே இருக்கின்றன. பெரியவர் சொன்னதுதான் சரி என்றால், ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் இவ்வளவு அக்கறையோடு ஓநாயையும் வாக்குக் கூடையையும் முதலையையும் செதுக்கியவர்கள் யாருக்காகச் செதுக்கினார்கள்? பேச்சாளர் சொன்னதுதான் சரி என்றால், அந்தக் காசுகளில் ஆயிரக்கணக்கானவை கொங்கு நாட்டு மண்ணில் புதைந்து கிடந்ததே, அந்தச் சுவரொட்டியை இங்கே யார் படித்தார்கள்? வரலாற்று அறிஞர்களிடையிலும் இது பழைய சண்டைதான். ஏ.எச்.எம். ஜோன்ஸ் 1956-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் படங்களை இக்கால அஞ்சல்தலைகளோடு ஒப்பிட்டார். அவற்றில் அரசியல் செய்தியை அளவுக்கு மீறித் தேட வேண்டாம் என்றார். அதை ஏற்காதவர்களும் நிறையப் பேர். இரு தரப்பையும் படித்துப் பார்த்தேன். எனக்கு விடை மாதிரி ஒன்று கிடைத்தது ஒரே ஒரு காசில்தான், சீசரைக் கொன்ற புரூட்டஸின் காசில். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கையில் வாங்கிப் பார்த்தால்

டெனாரியஸ் என்ற இந்த ரோமானிய வெள்ளிக்காசைப் புத்தகத்தில் பெரிய படமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, நேரில் பார்க்கும்போது இவ்வளவு சின்னதா என்று தோன்றும். 2011-ல் வந்த நம் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து டெனாரியஸும் ஏறக்குறைய அதே எடை. ஆனால் குறுக்களவு அதைவிடக் குறைவு, 18 அல்லது 19 மில்லிமீட்டர்தான். அதனால் காசு தடிமனாக இருக்கும், முகம் நன்றாகப் புடைத்து நிற்கும். விரலால் தடவினால் மூக்கும் தாடையும் தட்டுப்படும். எல்லாம் கையால் அடித்தவை. கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், அதன்மேல் வெள்ளிப் பில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடி கொஞ்சம் விலகினால் பேரரசரின் பின்னந்தலை காசுக்கு வெளியே போய்விடும். கி.மு. 46-ல் டைட்டஸ் காரிசியஸ் என்ற அதிகாரி வெளியிட்ட காசு ஒன்றில் இடுக்கி, பட்டடை, சுத்தியல் என்று இந்தக் கருவிகளையே படமாகப் பொறித்திருக்கிறார். மறுபக்கம் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் தலை. ரோம் நகரத்து அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் கூடம், அந்தத் தெய்வத்தின் கோயிலை ஒட்டித்தான் இருந்தது. தன் தொழிலையே படமாக்கிப் பார்க்கும் அந்த ஆசை எனக்கு மிகவும் பிடிக்கும். அச்சு செதுக்கிய கைகளின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லையே என்ற வருத்தமும் கூடவே வரும்.

டெனாரியஸ் பிறந்தது போர்க்காலத்தில். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்து ரோமின் கருவூலத்தைக் காலி செய்துகொண்டிருந்த நேரம், கி.மு. 211-ஐ ஒட்டி. சிசிலியில் மோர்கன்டினா என்ற ஊர் அந்த ஆண்டு அழிக்கப்பட்டது. அந்த இடிபாட்டு அடுக்குக்குள்ளேயே புத்தம்புது டெனாரியஸ்கள் கிடைத்ததால்தான் அதன் வயதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. முதல் காசுகளில் ஒரு பக்கம் இறகு வைத்த தலைக்கவசத்தோடு ரோமா என்ற நகர தெய்வம். மறுபக்கம் இரட்டைத் தெய்வங்களான காஸ்டரும் பொல்லக்ஸும் ஈட்டியை நீட்டிக்கொண்டு குதிரையில் பாய்கிறார்கள், கீழே ஊர்ப் பெயர். பல பத்தாண்டுகளுக்குப் பெரிய மாற்றம் கிடையாது. அரசு தன் முத்திரையைப் போட்டது, அவ்வளவுதான்.

குடும்பக் கதைகள்

மாற்றம் வந்தது கி.மு. 130-களில். காசு அடிக்கும் பொறுப்பு அப்போது ஆண்டுதோறும் மாறும் மூன்று இளைஞர்களிடம் இருந்தது. அரசியலில் அப்போதுதான் காலடி வைப்பவர்கள், நாளைக்குத் தேர்தலில் நிற்கப் போகிறவர்கள். அவர்கள் காசில் தங்கள் குடும்பக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். செக்ஸ்டஸ் பொம்பெயஸ் என்பவரின் காசில் ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் அத்திமரம், அதில் பறவைகள், ஓரத்தில் தடியை ஊன்றி நிற்கும் இடையன். ரோமை உருவாக்கியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸையும் ரீமஸையும் கண்டெடுத்த ஃபவுஸ்டுலஸ் அவர். அந்த அதிகாரியின் பெயரோடும் ஃபோஸ்ட்லஸ் என்ற ஒட்டு உண்டு. எங்கள் வீட்டு மூதாதைதான் அந்த இடையர் என்று சொல்லிக்கொள்கிறார்.

எனக்கு எப்போதும் கண் போய் நிற்பது வாக்குப்பதிவுக் காசுகளில்தான். பப்ளியஸ் நெர்வா என்பவர் கி.மு. 113-ஐ ஒட்டி வெளியிட்ட டெனாரியஸில் ஒரு குறுகலான நடைமேடை இருக்கிறது. ஒருவர் அதில் ஏறி, கீழே நிற்கும் ஊழியரிடமிருந்து வாக்குப் பலகையை வாங்குகிறார். இன்னொருவர் மேடையின் மறுமுனையில் தன் பலகையைக் கூடைக்குள் போடுகிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கி.மு. 119-ல், மாரியஸ் என்ற அரசியல்வாதி ஒரு சட்டம் கொண்டுவந்து அந்த மேடையை ஒடுக்கியிருந்தார். வாக்களிப்பவருக்குப் பக்கத்தில் யாரும் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்பதற்காக. ஐம்பது ஆண்டுகள் கழித்து காசியஸ் லாங்கினஸ் வெளியிட்ட காசில் ஒரே ஒரு ஆள், டோகா என்ற போர்வை ஆடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, 'நீங்கள் கேட்டபடியே' என்பதன் முதல் எழுத்து பொறித்த பலகையைப் பெட்டிக்குள் விடப் போகிறார். வழக்குகளில் இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்த கி.மு. 137-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய குடும்பத்தவர் ஒருவர் பெயரில் வந்தது.

இந்தக் காசுகளைப் பார்க்கும்போது பேச்சாளர் பக்கம் சாயத் தோன்றும். இது ஒருவகைத் தேர்தல் விளம்பரம்தானே? ஆனால் கொஞ்சம் யோசித்தால் கணக்கு இடிக்கிறது. ஒடுங்கிய மேடையின் அருமை தெரிந்தவர் ரோம் நகரத்துக்காரர் மட்டுமே. காசோ ஸ்பெயின் சுரங்கத்துக்கும் போகிறது, ரைன் நதிக்கு அப்பாலும் போகிறது. அங்கே இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார்: ஜெர்மானியர்கள் பழைய, பழகிய காசுகளையே விரும்பினார்களாம். அதிலும் ஓரம் ரம்பப்பல் போல வெட்டியவையும் இரட்டைக்குதிரை ரதம் பொறித்தவையும்தான் வேண்டும். ரதத்தில் போகும் தெய்வம் யார் என்று அவர்கள் விசாரித்திருக்க மாட்டார்கள். அந்த ரதம் இருந்தால் வெள்ளி நல்ல வெள்ளி என்பது அவர்கள் அனுபவம். கோயம்புத்தூர்ப் பெரியவர் இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

இரண்டு கத்திகள், ஒரு தொப்பி

கி.மு. 44-ன் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் முகம் காசில் வந்தது. அதுவரை ரோம் நகர அக்கசாலையில் தெய்வங்களுக்கும் செத்துப்போன முன்னோர்களுக்கும் மட்டுமே இடம்; உயிரோடு இருப்பவர் முகத்தைப் பொறிப்பது கிழக்கத்திய மன்னர்களின் பழக்கம் என்று ரோமானியர்கள் கருதினார்கள். அந்தக் காசுகளில் சீசர் அழகுபடுத்தப்படவில்லை. கழுத்தில் சுருக்கம், ஒட்டிய கன்னம், தலையில் கனமான மாலை. முன்தலை வழுக்கையை மறைக்க உதவியதால் அந்த மாலை அணியும் உரிமை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். சில காசுகளில் பெயரோடு 'நிரந்தரச் சர்வாதிகாரி' என்ற பட்டம். சில வாரங்களில், மார்ச் 15 அன்று, கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

கொன்றவர்களில் ஒருவரான மார்க்கஸ் புரூட்டஸ் இளைஞராக இருந்தபோது, கி.மு. 54-ல், அவரும் காசு அடிக்கும் அதிகாரியாக இருந்திருக்கிறார். அப்போது அவர் வெளியிட்ட டெனாரியஸில் ஒரு பக்கம் சுதந்திர தேவியின் தலை. மறுபக்கம் ரோமின் கடைசி மன்னனை விரட்டிய முன்னோர் லூசியஸ் புரூட்டஸ் காவலர் சூழ நடந்து போகிறார். முடியாட்சி ஆகாது என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை, அதைத்தான் காசும் சொன்னது. அப்புறம் சீசரைக் கொன்று, ரோமை விட்டு வெளியேறி, கிழக்கே படை திரட்டிக்கொண்டிருந்த கி.மு. 43, 42-ல் அவர் இன்னொரு டெனாரியஸ் வெளியிட்டார். அதன் பின்பக்கம் இரண்டு கத்திகள். நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. கீழே 'மார்ச் நடுநாள்' என்பதன் சுருக்கம். ஒரு கொலையை, நாளும் ஆயுதமும் குறிப்பிட்டு, இவ்வளவு வெளிப்படையாகக் காசில் பொறித்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. காசியஸ் டியோ தன் வரலாற்றில் இந்தக் காசைத் தனியாகக் குறிப்பிடும் அளவுக்கு அது பேசப்பட்டது.

சரி, முன்பக்கம்? புரூட்டஸின் முகம். குட்டையான முடி, மெல்லிய தாடி, 'புரூட்டஸ், படைத்தலைவர்' என்று பெயர்.

இந்த இடத்தில்தான் நான் வெகுநாள் சிக்கிக்கொண்டிருந்தேன். உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தைக் காசில் போடுவது மன்னர் வேலை என்றால், மன்னராகப் பார்த்தவரைக் கொன்றவர் அதே வேலையைச் செய்வாரா? அதிகார ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பதில் எனக்கு ஒட்டவில்லை. காசு எங்கே, யாருக்காக அடிக்கப்பட்டது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இது ரோம் அக்கசாலைக் காசே கிடையாது. படையோடு சேர்ந்து நகர்ந்த அக்கசாலையில், கிழக்கத்திய நகரங்களிலிருந்து கறந்த வெள்ளியில், படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அடித்தது. அந்த வீரர்களில் பலர் முன்பு சீசரிடமே பணிபுரிந்தவர்கள். எதிரே வந்துகொண்டிருப்பவர்களோ சீசரின் வளர்ப்பு மகனும் (பின்னாளைய அகஸ்டஸ்) சீசரின் தளபதி மார்க் ஆண்டனியும். இந்த நிலையில் ஒரு வீரன் கையில் வெள்ளி விழும்போது அவனுக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்: இதை எனக்குக் கொடுப்பவர் யார்? ரோமா தெய்வம் என்று போட்டால், இரு பக்கமும் ரோம்தான். சுதந்திர தேவி என்று போட்டால், இரு பக்கமும் அந்தச் சொல்லைச் சொல்பவர்கள்தான். முகம் ஒன்றுதான் பொய் சொல்லாமல் பிரித்துக் காட்டும். புரூட்டஸ் விரும்பிப் போட்டாரா, வேறு வழியில்லாமல் போட்டாரா என்பதை அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

அதன்பிறகு எனக்குக் காசுப் படங்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. கையில் இருக்கும் இந்த வெள்ளிக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் போடும் கையெழுத்து அந்த முகம். செய்தி, பெருமை, தெய்வம் எல்லாம் அதற்கு மேலே ஏறிக்கொள்கின்றன. கி.மு. 32, 31-ல் மார்க் ஆண்டனி அடித்த காசுகள் இதை இன்னும் பச்சையாகச் சொல்கின்றன. முன்பக்கம் போர்க்கப்பல், பின்பக்கம் கழுகுக்கொடி, அதோடு படையணியின் எண். எந்தப் படையணிக்கான சம்பளமோ அதன் எண்ணே காசில். வெள்ளி கொஞ்சம் மட்டம் என்பதால் யாரும் உருக்கவோ பதுக்கவோ ஆசைப்படவில்லை. ஆண்டனி தோற்றுச் செத்து, இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் காசுகள் தேய்ந்த படங்களோடு புழங்கிக்கொண்டிருந்தன.

செத்துப்போன பேரன்கள்

கையெழுத்து என்று எடுத்துக்கொண்டால் கொங்கு நாட்டுக் காசுகளும் புரிகின்றன. பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். வெள்ளலூர் போன்ற இடங்களில் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் என்ன இருந்தது என்பதுதான் விஷயம். திரும்பத் திரும்ப இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸ் தன் பேரன்களான கையஸ், லூசியஸ் இருவரையும் பொறித்தது: டோகா அணிந்த இரண்டு இளைஞர்கள், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசைக் கரண்டியும் வளைதடியும். இன்னொன்று அடுத்த பேரரசர் திபேரியஸின் காசு: பின்பக்கம் நாற்காலியில் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பெண். இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரமான லுக்டூனத்தில் பெருமளவில் அடித்தவை.

முதல் காசின் சோகம் எனக்கு ஆறுவதேயில்லை. எனக்குப் பின் இவர்கள் என்று உலகத்துக்குக் காட்டத்தான் அகஸ்டஸ் கி.மு. 2 முதல் அதை அடிக்க வைத்தார். லூசியஸ் கி.பி. 2-ல் மசீலியாவில் இறந்தார். கையஸ் கி.பி. 4-ல் லிக்கியாவில், போர்க்காயத்துக்குப் பிறகு. இருவரும் போனபின் திபேரியஸ் வாரிசானார். செய்தி என்று பார்த்தால் அந்தக் காசு அன்றோடு காலாவதி. ஆனால் காசு நிற்கவில்லை. கடல் தாண்டியது, பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தது, பானைகளுக்குள் போனது. இங்கே அதை வாங்கியவருக்கு அந்த இளைஞர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேடயத்தோடு இரண்டு பேர் நின்றால் காசு நல்ல காசு. அந்த அளவுக்கு அடையாளம் ஊறிப்போனதால்தான் இந்தக் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே போலிகள் அடிக்கப்பட்டன. தக்காணத்தில் சுடுமண்ணில் திபேரியஸ் காசு மாதிரி பதக்கம் செய்து, வளையம் வைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். புரியாத எழுத்து, தெரியாத முகம், ஆனாலும் அணியத் தோன்றியிருக்கிறது. எடையை மட்டும் பார்ப்பவர் செய்கிற வேலையில்லை இது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. செங்கடல் வரி வசூலைக் குத்தகை எடுத்த ஒருவரின் ஆள், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக்குப் போய்ச் சேர்கிறார். அவரிடம் இருந்த டெனாரியஸ்களை அந்நாட்டு மன்னர் பார்க்கிறார். முகங்கள் வேறு வேறு, அதாவது வெவ்வேறு ஆட்சியாளர்கள் அடித்தவை. எடையோ எல்லாம் ஒன்று. அதைப் பார்த்து ரோமானியர்களின் நேர்மையை வியந்து, கிளாடியஸ் பேரரசரிடம் தூதர்களை அனுப்பினாராம். கதையில் பிளினி தன் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். ஆனாலும் முகத்தையும் எடையையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒரு கண் அதில் இருக்கிறது. கண்காட்சியில் அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரோமானியர்களும் பார்த்தார்கள்தான். அகஸ்டஸ் முகம் உள்ள காசைக் கழிப்பறைக்குள் கொண்டுபோனாலே திபேரியஸ் ஆட்சியில் மரண தண்டனைக் குற்றமாகிவிட்டது என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். எருசலேமில் ஏசு டெனாரியஸை வாங்கிக் காட்டி யாருடைய உருவம் என்று கேட்டதும் எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது. அடிமையாகப் பிறந்த தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸ், மனிதர்களை எடைபோடுவதைப் பற்றிப் பேசும்போது காசையே உதாரணம் காட்டுகிறார்: யாருடைய முத்திரை? டிராஜனுடையதா, கொடு, நீரோவுடையதா, தூக்கி எறி.

நீரோ பெயர் அங்கே சும்மா வரவில்லை. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 டெனாரியஸ் என்று இருந்ததை அவர் கி.பி. 64-ல் 96 ஆக்கினார், சுத்தத்தையும் குறைத்தார். முகம் முன்னைவிடப் பிரமாதமாகச் செதுக்கப்பட்டது; அந்தத் தடித்த கழுத்தும் சுருட்டை முடியும் கலையாகப் பார்த்தால் அற்புதம். தென்னிந்தியப் புதையல்களில் நீரோவின் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வெள்ளி அபூர்வம். கையெழுத்து இருந்தும் பொருள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிருந்த வியாபாரிகள் அப்போதே பதில் சொல்லிவிட்டார்கள். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் காசில் ஏறத்தாழ பாதிதான் வெள்ளி, கி.பி. 260-களில் மேலே ஒரு பூச்சு மட்டும். அந்தக் காசுகளின் பின்பக்கங்களில்தான் 'நம்பிக்கை', 'வளம்', 'அமைதி' என்று தெய்வங்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

டிராஜன் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவர் ஆட்சியில் தேய்ந்த பழைய காசுகளையெல்லாம் உருக்க உத்தரவிட்டதாக டியோ எழுதுகிறார். குடியரசுக் காலத்து நல்ல வெள்ளி அப்படியே உலைக்குப் போனது. அதே டிராஜன், அழியப்போகும் அந்தப் பழைய படங்கள் பலவற்றை மறுபடி செதுக்க வைத்து, 'டிராஜன் புதுப்பித்தது' என்று தன் பெயரைச் சுற்றி எழுதி வெளியிட்டார். பழைய குடும்பங்களின் கதைகள் படமாக மிஞ்சின, வெள்ளி அவருடைய மட்டமான காசுகளுக்குப் போய்விட்டது. அந்த உத்தரவு எட்டாத இடங்களில் வெள்ளலூரும் ஒன்று. அகஸ்டஸின் பேரன்கள் அடித்த அன்றைய எடையோடும் சுத்தத்தோடும் அங்கே பானைக்குள் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெளியே எடுத்தபோது நல்ல வெள்ளியாகவே இருந்தார்கள்.